அழுகிப்போச்சு என்று நான் சொன்ன வெங்காயம்

டிவியில் போர் என்று சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். போய் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். போன கோடையிலும் அப்படித்தான் செய்தேன். "அத்தைக்குச் சண்டைன்னா பயம்" என்று மருமகள் சிரிக்கிறாள். பயம் எல்லாம் இல்லை. அவளிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். நாளாகும், ஆகட்டும்.

எங்கள் வெங்காயக் காட்டில் நின்றால் செட்டிகுளம் மலைக்கோயில் தெரியும். எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம்தான் சோறு, துணி, கல்யாணம் எல்லாம். மாசியில் பிடுங்கி, தாளோடு காயவைத்து, பட்டறை போடுவோம். பட்டறை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தரையில் கல் அடுக்கி, அதன்மேல் குச்சி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் குவித்து, மேலே கரும்புத் தோகை வேய்ந்துவிடுவது. அடியிலும் பக்கத்திலும் காற்று போய்வர வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரித்து, கெட்டதைப் பொறுக்கிப் போட வேண்டும். இவ்வளவும் செய்தால் ஆடி வரைக்கும் நிற்கும்.

பட்டறை பெண்பிள்ளைகள் வேலை. என் பட்டறையில் அழுகல் கிடையாது என்று நாலு ஊரில் பேர் இருந்தது. எனக்கும் அந்தத் தலைக்கனம் இருந்தது. தட்டிக்குள் கையை விட்டால் போதும், உள்ளே சூடு ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

சின்ன வெங்காயத்துக்கு விதை கடையில் இல்லை, அந்த வெங்காயமேதான் விதை. அதனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம். ஒரு வீட்டுப் பட்டறை கெட்டுப்போனால் இன்னொரு வீட்டில் விதை வாங்கிக்கொள்வார்கள். காசு கிடையாது. தன் வெள்ளாமையைப் பிடுங்கியதும் வாங்கின மூட்டையைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட விதை என்று வந்து நின்றால் இல்லை என்று சொன்னதில்லை.

நான் சொன்னேன்.

அது கார்கில் மலையில் சண்டை நடந்த கோடை. அந்த வருஷம் பொங்கலுக்குத்தான் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்திருந்தது. தெருவில் முதல் கலர் டிவி. சாயந்திரம் ஆனால் கூடமும் வாசலும் நிறைந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள். நான் நாற்காலி போட்டு உட்காருவேன், மற்றவர்கள் தரையில். அந்த நாற்காலியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதலில் சீரியல், அப்புறம் நியூஸ். அந்தக் கோடையில் கிரிக்கெட் உலகக் கோப்பை வேறு. மலையில் யாரோடு சண்டையோ அந்த நாட்டோடேயே நம்மவர்கள் ஆடினார்கள். ஜெயித்ததும் பையன்கள் தெருவில் வெடி போட்டார்கள்.

கூடத்து மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். என் காட்டுக்குப் பக்கத்துக் காடு அவளுடையது. சொந்தம் இல்லை, குத்தகை. புருஷன் இல்லாதவள். ஒரே மகன், பட்டாளத்தில் இருந்தான். லீவு முடிந்து அரியலூரில் ரயில் ஏறிப் போனவன், போன ஒரு மாசத்தில் சண்டை வந்துவிட்டது. அவனிடமிருந்து கடுதாசியும் நின்றுவிட்டது. அன்றைக்கு வெடிச்சத்தம் கேட்டதும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏங்கக்கா, அங்க ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்குறான், இங்க அவனோடவே பந்து வெளையாடுறாங்களே, இது என்னாங்கக்கா நாயம்?"

"உனக்கு என்னா தெரியும்? அது வேற, இது வேற" என்றேன். எனக்கும் தெரியாது. டிவி என்னுடையது என்பதால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நியூஸ் வந்தால் அவள் எழுந்து டிவிக்குக் கிட்டே போய்விடுவாள். பெட்டிக்கு மேல் பெட்டியாகக் கொடி போர்த்திக் கொண்டுவருவதைக் காட்டுவார்கள். கீழே ஓடும் எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. "அக்கா, என்னா பேரு போட்ருக்கு? எந்த ஊராம்?" என்பாள். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது ஓடிவிடும். "நம்ம பக்கத்துப் பேரு இல்ல, ஒக்காரு" என்பேன். அப்போதுதான் மூச்சு விடுவாள்.

விலைவாசி ஏறினதற்கும் சண்டைதான் காரணம் என்றார்கள். சண்டைக்கும் தீப்பெட்டிக்கும் என்ன சம்பந்தமோ, ஒருத்தி பத்து பாக்கெட் வாங்கினால் அடுத்தவள் இருபது வாங்கினாள். கடைக்காரர் உப்பைக்கூட உள்ளே வைத்துப் பூட்டினார். ரேஷனில் சீமெண்ணெய்க்கு விடியற்காலையில் இருந்தே கேன்கள் வரிசையில் நின்றன, ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சண்டைக் கதை பேசினார்கள். சர்க்கரை கிடைக்காது என்று ஒரு புரளி. எறையூர் ஆலைக்குக் கரும்பு போடுகிற ஊரில் சர்க்கரை கிடைக்காதாம். அதையும் நம்பி நான் ஐந்து கிலோ கூட வாங்கி வைத்தேன்.

வைகாசி கடைசியில் வெங்காய வியாபாரி வந்தார். என் பட்டறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தட்டிக்குள் கைவிட்டு நாலு வெங்காயம் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அம்மா, தங்கமாட்டம் வச்சிருக்கீங்க. இப்ப குடுத்துடாதீங்க."

"ஏன், நடவு நேரத்துலதான வெலை?"

"சண்டை நடக்குற எடத்துக்கு அரிசி, பருப்பு, வெங்காயம்னு லாரி லாரியா போவுதுங்க. இன்னும் ரெண்டு மாசம் கைய வைக்காதீங்க. வெலை எங்கயோ போயிடும். ஒரு மூட்டையக்கூட வெளிய வுட்றாதீங்க."

பனிமலை மேல் நிற்கிற பட்டாளத்துக்குச் சின்ன வெங்காயத்தில் சாம்பாரா வைக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை. வைகாசி நடவை விட்டுவிட்டு, ஆடியில் சோளம் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் பட்டறை முழுவதும் கையில் நின்றது. மாடி கட்டலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரம். நான் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, முந்தானையில் கொஞ்சம் முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் நின்ற இடத்தில் இருந்து பத்தடி தூரத்தில் என் பட்டறை.

"அக்கா, என் பட்டறை இந்தவாட்டி கைவுட்டுடுச்சு. பையன் நெனப்புலயே இருந்துட்டனா, பிரிச்சுப் பாக்கல. பாதிக்கு மேல போயிடுச்சு. ஆறு மூட்டை வெதை இருந்தா நட்டுடுவேன். எங்கெணத்துல தண்ணி இருக்கு. நடலன்னா குத்தகைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு காட்டுக்காரர் சொல்லிட்டாரு."

ஆறு மூட்டை. என் பட்டறையில் ஒரு மூலை. முன்னே இரண்டு தடவை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், இரண்டு தடவையும் மேலே ஒரு கூடை சேர்த்தே திருப்பினவள்.

என் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"அடி, எனக்கும் அழுகிப்போச்சுடி. உள்ளார பூராம் போயிடுச்சு. வெளிய சொல்லிக்க முடியாம இருக்கேன்."

அவள் பட்டறையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்படீங்களா" என்றாள். முருங்கைக்காயைத் திண்டில் வைத்தாள். "சரிங்கக்கா, வரேன்." போய்விட்டாள்.

அந்த முருங்கைக்காயை அன்றைக்கே குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "எதுக்கு வந்தா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "சும்மாத்தான்" என்றேன்.

ஒரு பொய் சொன்னால் அதைப் பாதுகாக்க வேண்டுமே. அழுகின பட்டறை என்று சொல்லியாயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள்விட்டுப் பிரித்தால் பொறுக்க வருகிற பெண்கள் நல்ல வெங்காயத்தைப் பார்த்துவிடுவார்கள். அதனால் ஆள் கூப்பிடவில்லை. தட்டிச் சந்து வழியாகச் சிவப்புச் சிவப்பாக வெங்காயம் தெரிந்தது. பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்து, மேலிருந்து கீழ் வரைக்கும் போர்த்திக் கட்டினேன். "எதுக்குடி இது?" என்றார் வீட்டுக்காரர். "மழை வரும்போல இருக்கு" என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பட்டறை என் பொறுப்பு என்று அவர் விட்டுவிட்டார்.

அடுத்தது டிவி. எங்கள் கூடத்துக்கு வருகிறவர்கள் களத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். தினம் நாற்பது பேர் பட்டறையைத் தாண்டிப் போனால் ஒருத்தியாவது தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க மாட்டாளா? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், "டிவி ரிப்பேரு, பெரம்பலூர் அனுப்பணும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"நியூஸ் மட்டுங்கூட வராதாக்கா?"

"பெட்டியே எரியலங்கறேன், நியூஸ் மட்டும் எப்படிடி வரும்?"

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாளில் இருந்து வேலை முடிந்ததும் செட்டிகுளம் வரைக்கும் நடந்து போய், அங்கே ஒரு டீக்கடை வாசலில், ஆம்பிளைகள் நடுவில் நின்று நியூஸ் பார்த்துவிட்டு வந்தாள். போகவர ஐந்து மைல். யாரிடமாவது பேர் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள். நான் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தகரடப்பாவோடு வந்தார்கள். போர்வீரர்களுக்கு நிதி. வாத்தியார் ஒருவர் கையில் மைக், ரிக்‌ஷாவில் ரேடியோ செட். யார் எவ்வளவு போட்டார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். நான் முழு நூறு ரூபாய் நோட்டாக ஐந்து போட்டேன். தெருவிலேயே பெரிய தொகை. வாத்தியார் என்னைத் தாய்க்குலத்தின் பெருமை என்றார், பிள்ளைகள் கைதட்டினார்கள். எதிர் வரிசையில் அவளும் நின்று கைதட்டினாள். அவள் பங்குக்கு ஒரு பத்து ரூபாய் போட்டாள். அதையும் மைக்கில் சொன்னார்கள்.

அவள் பிறந்த ஊர் பாடாலூர் பக்கம். அங்கே அண்ணன் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஆனி கடைசியில் நாலு மூட்டை கொண்டுவந்தாள் என்று கேள்விப்பட்டேன். பருவம் தப்பின நடவு. ஆள் கூலி மிச்சம் பிடிக்க அவளே பாதியை நட்டாள். வரப்பில் நான் போனால், "வாங்கக்கா" என்பாள். நான் மாட்டை அதட்டுகிறமாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

ஆடி பிறந்தது. சண்டை முடிகிறது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று டிவியில் சொன்னார்கள். வெங்காய விலை ஏறவும் இல்லை, லாரி எதுவும் எங்கேயும் போகவும் இல்லை. அந்த வாரம் ஒரு மழை அடித்தது, பிறகு இரண்டு நாள் சுள்ளென்று வெயில். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது.

அழுகின வெங்காயத்தின் வாடை தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. செத்த எலி வாடை ஒரு அறையோடு போகும். இது தெருவைத் தாண்டும். பட்டறைக்கு அடியில் கல் சந்தில் இருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்து களத்தில் ஓடியிருந்தது. தார்ப்பாயை அவிழ்த்தேன், ஆவி மேலே அடித்தது. காற்று போகாமல் உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கிறது. இருபது வருஷமாகப் பட்டறை போட்டவள் நான். பட்டறையைத் தார்ப்பாய் போட்டு மூடக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த வாடைக்குள் நிற்கும்போதுதான்.

அன்றைக்கு அவள் விதை கேட்டு வந்தபோது இந்த வாடை இல்லை. பத்தடி தூரத்தில் பட்டறை, காய்ந்த தாளின் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. வெங்காயத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள், முந்தின வாரம்தான் தன் அழுகின பட்டறையை அள்ளிப் போட்டவள். "அழுகிப்போச்சுடி" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் "அப்படீங்களா" என்றாள். தெரிந்துகொண்டுதான் முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஆள் கூப்பிடுவதற்குள் வாடையே ஊரைக் கூப்பிட்டுவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். எங்கள் ஊரில் பட்டறை அழுகினால் கூப்பிடாமலே வருவார்கள், கையில் கிடைத்ததைக் காப்பாற்றிக் கொடுப்பார்கள். அவளும் வந்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி ஆரம்பித்தாள். வாய்த்துடுக்குக்காரி. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கிறமாதிரி, "ஏன்டி, வைகாசியிலயே அழுகிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். ஆடியிலதான் நாறுதா?"

இன்னொருத்தி, "பெரிய வூட்டு வெங்காயம்டி. மெதுவாத்தான் நாறும்" என்றாள். துணிக்குள்ளே சிரிப்புச் சத்தம்.

"டிவிப் பெட்டி நல்லாயிடுச்சாங்கம்மா? ராத்திரிக்கு ராத்திரி பாட்டு மட்டும் கேக்குது!"

நான் தலை நிமிரவில்லை. என் வாழ்நாளில் ஒருத்தி என்னை அப்படிப் பேசி நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

அவள்தான் அதட்டினாள். "கையப் பாத்து வேலை செய்ங்கடி. நல்லதையும் சேத்து அள்ளிப் போடுறீங்க."

அதோடு பேச்சு நின்றது. பொழுதுக்கும் பொறுக்கியும் நல்லதாகத் தேறினது மூன்று கூடை. குழம்புக்குத்தான் ஆனது. மீதியை வண்டியில் ஏற்றிக் குட்டைக்கு அந்தப் பக்கம் கொட்டினோம். அன்றைக்கு மாலை டிவியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்தேன். யாரையும் நான் கூப்பிடவில்லை. அவள் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

ஐப்பசியில் அவள் மகன் லீவில் வந்தான். உயிரோடு, கைகால் சுகமாக. முகம் மட்டும் பனியில் கருத்து, தோல் உரிந்திருந்தது. வந்த மறுநாள் காலை எங்கள் களத்தில் மாட்டுவண்டி வந்து நின்றது. அவன் இறங்கி, மூட்டையைத் தோளில் தூக்கிவந்து, பட்டறை இருந்த இடத்தில் இறக்கினான். விதை வெங்காயம். ஒன்று, இரண்டு என்று ஆறு மூட்டை. அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னாப்பா இது?" என்றேன்.

"வெதை திருப்பிப் போட வந்தோம் பெரியம்மா. நீங்க குடுத்த ஆறு மூட்டை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஆளுகிட்ட சொல்லி கடுதாசி எழுதியிருந்தாங்க. பெரியம்மா வெதை குடுத்தாங்க, நட்டுட்டேன், குத்தகை போவல. தெனமும் சாயந்தரம் பெரியம்மா வூட்டு டிவியிலதான் ஒன்னப் பத்தி நியூஸ் பாக்குறேன், நீ கவலப்படாம இருன்னு. அங்க பங்கர்ல ஒக்காந்து அத எத்தனவாட்டி படிச்சேன் தெரியுங்களா? அம்மா தனியா இல்லன்னு ஒரு தெம்பு."

சொல்லிவிட்டுக் குனிந்து என் காலைத் தொட்டான்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். இல்லப்பா, நான் கொடுக்கவில்லை என்று மூன்றே வார்த்தை. அவள் அந்தக் கடுதாசியை எனக்காக எழுதச் சொல்லவில்லை, அவன் மலைமேல் நிம்மதியாக நிற்கட்டும் என்று சொன்னாள். அது எனக்குப் புரிந்தது. என் பட்டறை போனதும், கார்த்திகை நடவுக்கு என்னிடம் ஒரு கூடை விதை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதுவும் எனக்குப் புரிந்தது. அவளுக்கு வெள்ளாமை நன்றாக வந்திருந்தது என்றாலும், ஆறு மூட்டை என்றால் அவள் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் சொன்னது இது: "அதுக்கென்னப்பா. நல்லாரு. மூட்டைய அந்த ஓரமாப் போடு, நனையாது."

வண்டி திரும்பும்போது அவள், "தார்ப்பாய் போட்றாதீங்கக்கா" என்றாள். கேலியா, அக்கறையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நான் நிமிரவில்லை.

அந்த விதையைத்தான் கார்த்திகையில் நட்டேன். நன்றாக விளைந்தது. அதில் எடுத்த விதைதான் அடுத்த நடவுக்கு, அதில் எடுத்தது அதற்கடுத்த நடவுக்கு. எங்களுக்கு அந்த வெங்காயமேதான் விதை என்று முதலிலேயே சொன்னேன். அதனால் இன்றைக்கு எங்கள் பட்டறையில் இருப்பதும் அவள் வெங்காயத்தின் வழிதான். அவள் இப்போது பெரம்பலூரில் மகனோடு இருக்கிறாள். கல்யாணம் காட்சியில் பார்த்தால், "அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்பாள். நான் பதில் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் சாகும் வரைக்கும் அவரிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யார் விதை கேட்டு வந்தாலும் இப்போது கொடுக்கிறேன். இல்லை என்று ஒருத்தியையும் அனுப்பினதில்லை. போன வைகாசியிலும் ஒருத்தி வந்தாள், உள்ளே டிவியில் சண்டை நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டையைக் கட்டும்போது ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எத்தன வருசமானாலும் ஒங்க வூட்டு வெதைக்கு ஈடு இல்லீங்கம்மா."

"ம்" என்றேன்.